சுவான்ஜோ: புத்தர் கோயில் பின்னாடி நிக்கிற நரசிம்மர்

சீனான்னா எல்லாரும் பெய்ஜிங், ஷாங்காய், பெருஞ்சுவர்னு தான் டூர் போடுறாங்க, நான் ஷியாமென்ல ஹைஸ்பீடு ட்ரெயின் ஏறி சுவான்ஜோ போனேன், பக்கம்தான், சீட்ல செட்டில் ஆகுறதுக்குள்ள ஸ்டேஷன் வந்துருது. ஃபூஜியன் கடற்கரை ஊர். மார்க்கோ போலோ ஸைத்தூன்னு சொன்ன துறைமுகம் இதுதான், 1292 வாக்குல சீனாவ விட்டு அவரு கப்பல் ஏறுனதும் இங்க இருந்துதான்.

கையுவான் கோயிலுக்கு டிக்கெட் கிடையாது. 686ல ஆரம்பிச்ச புத்தர் கோயில், ரெண்டு பக்கமும் 40 மீட்டருக்கு மேல கல் கோபுரம், 1604 பூகம்பத்தையே தாங்கி நின்னது, கூட்டம் பூரா அங்கதான் செல்ஃபி எடுக்குது. நீங்க நேரா பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் போங்க. அங்க ரெண்டு கல் தூண்ல கிருஷ்ணரும் நரசிம்மரும் இருக்காங்க! தென்னிந்திய வியாபாரிங்க கட்டுன கோயில் அழிஞ்சப்புறம், மங்கோலியருக்கு அப்புறம் சீனாவ ஆண்ட மிங் காலத்துல மண்டபத்த ரிப்பேர் பண்றப்போ அந்தத் தூண கொண்டாந்து இங்க நட்டுட்டாங்க. 1281ல இங்க ஒரு சிவன் கோயில் இருந்ததுக்குத் தமிழ்க் கல்வெட்டே கெடச்சிருக்கு, அப்போ சீனாவ ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் நல்லாருக்கணும்னு வேண்டி வெச்சது.

நம்மாளுங்க இதோட ‘சீனாவில் தமிழன் பெருமை’ன்னு போட்டு முடிச்சுடுவாங்க. அந்தக் கோயில் ஏன் காணாமப் போச்சுன்னு யாரும் கேக்குறதில்ல, எனக்கு அதுதான் பெரிய விஷயமா பட்டுச்சு.

மங்கோலியருக்கு முன்னாடி சீனாவ ஆண்ட சோங் அரசு 1087ல இங்க கடல் வணிகத்துக்குன்னு தனி ஆபீஸ் வெச்சுச்சு, அரபு, பாரசீகம், தமிழ்னு எல்லாரும் வந்து குடியேறுனாங்க. மங்கோலியர் நெருங்குனப்போ, 1276ல, இந்த ஊர்க் கடல் வணிகத்தையே கையில வெச்சிருந்த பூ ஷோகெங்னு ஒரு முஸ்லிம் பெரும்புள்ளி சோங் அரசைக் கைவிட்டு அந்தப் பக்கம் சாஞ்சுட்டாரு, ஊர்ல இருந்த சோங் அரச குடும்பத்தாரையும் கொன்னு போட்டாங்க. துரோகம்தான், ஆனா துறைமுகம் பொழச்சுது, அதுக்கப்புறம்தான் உச்சத்துக்கே போச்சு.

விழுந்தது 1357ல. இங்க இருந்த பாரசீகப் படைக்காரங்க கலகம் பண்ணி ஊரப் புடிச்சாங்க, பத்து வருஷத்துக்கு அடிதடி, 1366ல அத அடக்குனவங்க வெளிநாட்டுக்காரங்கன்னு தெரிஞ்சவங்கள எல்லாம் வெட்டித் தள்ளுனாங்க, மிச்சம் இருந்தவங்க ஓடிட்டாங்க. பின்னாடியே மிங் அரசு தனியார் கடல் வியாபாரத்துக்குத் தடை போட்டுச்சு, போதாததுக்குத் துறைமுகமும் மண்ணு தூர்ந்துருச்சு. அந்தக் கலவர வருஷங்கள்ல தான் நம்ம கோயிலும் போயிருக்கணும்னு சொல்றாங்க.

1009ல கட்டுன சிங்ஜிங் மசூதி மட்டும் இன்னும் இருக்கு. வாசல் அப்படியே கம்பீரமா நிக்குது, தொழுகை மண்டபத்துக்குத்தான் கூரையே இல்ல, சுவர் மேல வானம்.

கடல் வரலாறு மியூசியத்த விட்றாதீங்க. 1974ல சேத்துல இருந்து தோண்டி எடுத்த சோங் காலத்துக் கப்பல் தனியா கையுவான் கோயில் வளாகத்துலயே இருக்கு, மியூசியத்துல கல்லு. பழைய கோட்டைச் சுவர இடிச்சப்போ உள்ளே இருந்து கல்லறைக் கல்லும் சாமி சிலையுமா வந்து விழுந்திருக்கு, வூ வென்லியாங்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு அதத் தேடித்தேடி சேத்து வெச்சாரு. அரபுக் கல்லறை, சிலுவை செதுக்குன கல்லு, நம்ம சாமிங்கன்னு எல்லாம் அடுத்தடுத்து இருக்கு. இதுக்கே ஒரு மதியம் முழுசா ஒதுக்குங்க, கோபுரம் செல்ஃபிக்கு அஞ்சு நிமிஷம் போதும்.