ரீச்சரின் டம்பட்டம்

நாங்கள் ஆறு வயதில் அரிவரிக்கு, அதாவது முதல் வகுப்புக்கு, வந்த ஆட்கள். இலங்கையின் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் பள்ளியில் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக்கியது. கீழ்வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த பாடத்திட்டம், செய்து பார்த்துப் படித்தல் என்ற பேச்சுகளும் அதோடு வந்தன. ஊரில் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ரீச்சர் போட்டுக்கொண்டார். பெயர் சொல்லாவிட்டாலும் எங்கள் காலத்தவர்களுக்கு ஆளைத் தெரியும்.

விஜயதசமியில் அரிசியில் ‘அ’ எழுதிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அவர் முதலில் ‘அ’ சொல்லித் தரவில்லை. ட, ப, ம என்று தொடங்கினார். ‘ட’வுக்கு இரண்டு கோடு போதும், ‘ப’வுக்கு மூன்று. ‘அ’வையும் ‘இ’யையும் வளைக்க ஆறு வயதுக் கை படும் பாடு அவருக்குத் தெரியும். மூன்று எழுத்தோடு ஒரு குற்றும் (மேலே வைக்கும் புள்ளி) பழகினால் படம், மடம், மட்டம் எல்லாம் வந்துவிடும். பட்டமும் வரும். தவணை தொடங்குவது தை மாதத்தில், வெளியே பட்டம் ஏறும் காற்று. நான் வாசித்த முதல் சொல் அதுதான். வீடுகளில் முறைப்பாடு கிளம்பியது. “அரிச்சுவடி படிப்பிக்காமல் என்ன பள்ளிக்கூடம்?” என்று என் அப்பப்பாவே கேட்டார்.

ரீச்சருக்கு ஒரு சந்தேகம் எப்போதும் இருந்தது: இந்தப் பிள்ளை வாசிக்கிறதா, ஒப்புவிக்கிறதா? அண்ணன், அக்காவிடம் கேட்டுக் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்தவர்கள் எங்களில் இருந்தார்கள். வாய் பாடத்தைச் சரியாகச் சொல்லும், விரல் வேறு வரியில் நிற்கும். அதற்கு அவர் கண்ட வழி, அர்த்தமே இல்லாத சொற்களைக் கரும்பலகையில் எழுதுவது. டம்பட்டம். பமட்டம். மட்டப்பம். மனப்பாடக்காரர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் வாசித்துவிட்டுச் சிரிப்பான். (டம்பட்டம் என்ற பட்டப்பெயரோடு இன்றும் ஒருவர் சிட்னியில் இருக்கிறார்.)

இங்கே இங்கிலாந்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 2012 முதல் இப்படி ஒரு வாசிப்புச் சோதனை நடக்கிறது. 40 சொற்கள், அவற்றில் 20 அர்த்தமில்லாதவை. என் பேத்தி அதற்குப் போனபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

கொம்பும் காலும் வந்த இடத்தில் ரீச்சரின் வித்தைகள் தடுமாறின. ‘கொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. அட்டை வெட்டி, எழுத்தை நடுவில் வைத்து, கொம்பையும் காலையும் இருபுறமும் நகர்த்திக் காட்டினார். பாதிப் பேருக்குப் பிடிபட்டது. அதற்கு மேல் அந்தக்கால அச்சில் ணா, றா, னா, லை என்று தனி வடிவத்தில் சுழிந்து நின்ற 13 எழுத்துகள். தமிழ்நாட்டு அரசு 1978இல் அவற்றை நேராக்கியது. நாங்கள் அதற்கு முந்தியவர்கள். அவற்றைப் பழைய முறைப்படி எழுதி எழுதித்தான் பழகினோம்.

கணக்குக்கு ஈர்க்கு. பத்து ஈர்க்கை வாழைநாரால் கட்டினால் ஒரு கட்டு. 32இலிருந்து 17 போகவேண்டுமென்றால் மூன்று கட்டில் ஒன்றை அவிழ்க்காமல் முடியாது. அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் சிலேட்டில் எழுதலாம். பெருக்கலுக்குப் புளியங்கொட்டை. நாலு நாலாக மூன்று வரிசை அடுக்கிவிட்டு, “இந்தப் பக்கம் வந்து நின்று பார்” என்பார். மூன்று மூன்றாக நாலு வரிசை! வாய்பாட்டில் பாதி அங்கேயே குறைந்துவிட்டது. அதற்காக வாய்பாட்டை அவர் கைவிடவில்லை. கொட்டையை அள்ளி வைத்தபின் எல்லோரும் சேர்ந்து கத்தவேண்டும். அதுவும் சரிதான் என்பேன். இங்கே நாலாம் ஆண்டுச் சோதனையில் 25 பெருக்கல் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. கொட்டை அடுக்க நேரமிராது.

அப்புறம் அந்தக் கடை. வகுப்பின் பின் வாங்கில் வெற்றுத் தீப்பெட்டியும் சோடா மூடியும் சாமான்கள். காசு மட்டும் நிசக் காசு: சதுரமான ஐந்து சதம், விளிம்பு நெளிந்த பத்துச் சதம். எங்களோடு ஒருவன் இருந்தான், சிலேட்டுக் கணக்கு எதையும் சரியாகச் செய்ததில்லை. தகப்பனோடு சந்தையில் வெங்காயம் விற்றவன். கடையில் இருத்தியதும் முப்பத்தைந்து சதச் சாமானுக்கு நீட்டிய ஐம்பது சதத்துக்கு மிச்சத்தை எண்ணாமலே எடுத்துக் கொடுத்தான். ரீச்சர் அவன் மிச்சம் கொடுத்த மாதிரியே கரும்பலகையில் எழுதினார். 35இலிருந்து 40க்கு ஐந்து, 40இலிருந்து 50க்குப் பத்து, ஆக மிச்சம் பதினைந்து. அன்று தொடங்கி அவனுடைய கழித்தலை நாங்கள் பழகினோம். பக்கத்து வகுப்பு வாத்தியார் சத்தம் தாங்காமல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அவன் இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறான். இந்தக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும் மறுத்தான். “எனக்குக் கணக்குப் பழக்கினது அப்பா. ரீச்சர் அதைக் கண்டுபிடிச்சா, அவ்வளவுதான்.”

நான் எழுத நினைத்ததும் அதைத்தான் என்றேன். அவனுக்கு இன்னும் திருப்தியில்லை.