எந்த ஊர்ல இருந்து வாரிய?

தென்காசிக்கு வந்த முதல் நாள், லாரியில் இருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கேள்வி வந்துவிட்டது. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி எழுந்து வந்து, "எந்த ஊர்ல இருந்து வாரிய?" என்றார். எனக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

ஏனென்று சொல்கிறேன். இவருக்கு மாற்றல் வந்து 2023 மே மாதம் வீடு தேட வந்திருந்தோம். இதே மாவட்டத்தில் வேறொரு இடத்தில் ஒரு வீடு எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார், இவருடைய அப்பா பெயரைக் கேட்டார், அப்புறம் குலதெய்வம் எது என்று கேட்டார். குலதெய்வத்தை எதற்குக் கேட்பார்கள் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், அதை மறைத்து எங்கேயும் குடியிருந்ததும் இல்லை, அதனால் இவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அரை மணி நேரம் கழித்து, வேறு ஒருத்தருக்கு ஏற்கெனவே பேசியாச்சு என்று போனில் தகவல் வந்தது. அன்றிலிருந்து ஊர் எது என்று யாராவது கேட்டாலே அடுத்த கேள்விக்கு மனசு தயாராகிவிடும்.

ஆச்சியிடம், "சென்னை, அம்பத்தூர்" என்றேன். அடுத்த கேள்வி, "பிள்ளைய சாப்ட்டாச்சா?"

சாப்பிடவில்லை. ராத்திரி எழும்பூரில் பொதிகை ஏறி, காலையில் இறங்கி, லாரிக்காகக் காத்திருந்ததில் பிஸ்கட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் ஆச்சி உள்ளே போய்விட்டார். மதியம் ஒரு பெரிய தூக்கில் உளுந்தஞ்சோறு வந்தது. தோலோடு உடைத்த கருப்பு உளுந்தை வறுத்து, அரிசி, முழுப்பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் எல்லாம் போட்டு ஒன்றாக வேகவைத்தது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், மேலே ஊற்ற ஒரு சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெய். என் சின்னவள் கருப்பாக எதைப் பார்த்தாலும் தொடமாட்டாள், அன்றைக்கு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஆச்சி வாசலிலேயே நின்று, "வெஞ்சனம் ஒண்ணும் வைக்க முடியல, இன்னைக்கு இதுதான்" என்று வருத்தப்பட்டார்.

குலதெய்வக் கேள்வி அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தெருவில் எல்லாரும் நிறையக் கேட்டார்கள். பெரியவள் எத்தனாவது, தலைவலி இருக்கா, காபியா டீயா, அம்மா இருக்காவளா, சொந்த வீடு உண்டா, சம்பளம் கட்டுப்படியாகுதா. அம்பத்தூரில் யாராவது சம்பளத்தைக் கேட்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். இங்கே கேட்டதெல்லாம் ஒரு வாரத்துக்குள் ஏதோ ஒரு வேலைக்கு ஆகிவிட்டது. தலைவலி என்று சொன்னதற்கு மூன்றாவது வீட்டு மதினி நொச்சி இலை பறித்துக்கொண்டு வந்தார். பெரியவள் எட்டாவது என்றதும் மாடிவீட்டு அண்ணாச்சி தன் மகளுடைய போன வருஷத்துப் புத்தகங்களைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். "கோடு போட்டிருக்கும், கோடு போட்ட இடம் முக்கியம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலையில் சாரல் பிடித்தது. சீசன் என்றால் எனக்கு அதுவரை குற்றாலத்துக்கு வேன் பிடித்து வந்து குளிப்பதுதான். இங்கே குடியிருப்பவர்களுக்குச் சீசன் என்றால் துணி காயாது. மலைப்பக்கம் இருந்து காற்று வரும், கூடவே மாவு சலித்த மாதிரி தூறல், ஐந்து நிமிஷம் வெயில், திரும்பத் தூறல். மூன்று நாள் கழித்தும் பள்ளிச் சீருடையில் ஈர வாடை. நான் கொடிக்கும் வீட்டுக்குமாக ஓடுவதைப் பார்த்த ஆச்சி, "வெளிய போடாதிய தாயி, ஆடி போற வரைக்கும் இங்கனதான் கொண்டாரணும்" என்று தன் வீட்டுப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். விறகடுப்புக்கு மேலே குறுக்கே நாலு கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு கயிறு காலியாகவே இருந்தது. எங்களுக்காக விட்டாரா, முன்பே காலியா, நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த இரண்டு மாதமும் என் பிள்ளைகள் லேசான புகை வாசத்தோடுதான் பள்ளிக்கூடம் போனார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாரிடமும் அதே வாசம்தான்.

ஆச்சியும் வெளியூர் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறந்தது புளியரைப் பக்கம். அவர் சிறுமியாக இருந்தபோது செங்கோட்டை வட்டாரமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்திருக்கிறது, 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. "நானும் வேற ராஜ்யத்துல இருந்து வந்தவதான்" என்பார். அவர் கல்யாணமாகி வந்தபோது காசி விசுவநாதர் கோயில் கோபுரம் இடிந்து மொட்டையாக நின்றதாம். இப்போது நாம் பார்க்கிற கோபுரம் பிறகு எழுப்பியது, 1990-ல் குடமுழுக்கு. ஒரு சாயங்காலம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். சாரல் நாளில் அந்தக் கோபுர வாசலில் நுழைந்தால் காற்று ஆளையே தள்ளுகிறது, சின்னவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 15-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்வெட்டுப் பாட்டு ஒன்றை விட்டுப் போயிருக்கிறான். பின்னால் ஒரு காலம் இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்களை இப்போதே பணிகிறேன் என்கிறான். யாராக இருந்தாலும் என்கிற அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். முகம் தெரியாத யாரோ ஒருத்தரை ஒரு ராஜா முன்கூட்டியே கும்பிட்டிருக்கிறான். அம்மாவைக் கூப்பிட்டு அதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது, சொன்னேன்.

இன்னொன்று, பின்தெருப் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சி. நோன்பு மாதத்தில் சாயங்காலம் தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. என் பிள்ளைகளுக்கு இப்போது ரம்ஜான் வருவது காலண்டர் இல்லாமலே தெரிகிறது.

ஆனால் இந்தத் தெரு எங்களுக்கு யார் என்று எனக்குப் புரிந்தது அந்த டிசம்பரில்தான். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கூட வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் திருச்செந்தூர் போயிருந்தார். மழை காலையிலேயே பிடித்துவிட்டது. மத்தியானம், "பஸ் ஏறிட்டேன்" என்று ஒரு போன். அவ்வளவுதான், அதற்கப்புறம் இணைப்பே இல்லை. மறுநாள் டிவியில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை என்கிறார்கள், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்விட்டது, நூற்றுக்கணக்கான பேர் உள்ளே இருக்கிறார்கள் என்கிறார்கள், தாமிரபரணி பாலத்தைத் தொட்டு ஓடுவதைக் காட்டுகிறார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு ராத்திரியே ஆச்சி தலையணையோடு வந்துவிட்டார். "ஒன் மாப்பிள வந்திருவாவ" என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்கு மேல் ஆறுதல் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். மதினி சமைக்கவே விடவில்லை. அண்ணாச்சி அந்தப் பக்கம் தனக்குத் தெரிந்தவர்கள் நம்பர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், எதுவும் போகவில்லை. திங்கள்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு நான் வாசலுக்கு வந்து பார்த்தபோதும் அவர் வீட்டு லைட் எரிந்துகொண்டிருந்தது.

இவர் புதன்கிழமை வந்து சேர்ந்தார். கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் டிராக்டர், அப்புறம் யாரோ ஒருவருடைய வேன். செருப்பு இல்லை. பஸ் நின்ற இடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் மேட்டில் இருந்த ஒரு வீட்டில் இருபது பேரைத் தங்கவைத்து, தங்களுக்கே பத்தாத அரிசியில் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தெருவே எங்கள் வீட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஆச்சி, "அவிய ஒங்கட்ட ஒண்ணும் கேக்கலியா?" என்றார்.

"கேட்டாங்க ஆச்சி, எந்த ஊர்னு."

"என்ன சொன்னிய?"

"தென்காசின்னு சொன்னேன்."

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் போட எழுந்து போனார்.