புராஸ்டேட் பயாப்சியும் ஓர் அறிக்கையின் பொறுப்பும்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியிலிருந்து பயாப்சிக்காக, அதாவது திசுப் பரிசோதனைக்காக, ஊசி வழியாக எடுக்கப்படும் திசு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில், ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு நீளும் வெளிறிய இழையாக எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்கிறது. சுரப்பியின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வழக்கமாக 12 இழைகள் எடுப்பார்கள். எம்ஆர்ஐ ஸ்கேனில் ஐயத்துக்கு இடமான பகுதி தெரிந்தால் அங்கிருந்தும் சில இழைகளைச் சேர்த்து அனுப்புவார்கள். பெரும்பாலும் இரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவு உயர்ந்திருப்பதால்தான் இந்தப் பரிசோதனைக்கே வருகிறார்கள் என்றாலும், பிஎஸ்ஏ புற்றுநோய்க்கு மட்டுமே உரிய பொருள் அல்ல. இயல்பான புராஸ்டேட் செல்களும் அதைச் சுரக்கின்றன. வயதாகும்போது வரும் சாதாரண வீக்கமும் தொற்றும் அதை உயர்த்தும். ஆகவே, புற்றுநோய் உண்டா என்பதைத் திசுவைப் பார்த்து உறுதிசெய்யும் பொறுப்பு நோய்க்குறியியல் மருத்துவர்களாகிய எங்களிடம் வந்து நிற்கிறது.

இயல்பான புராஸ்டேட்டில் ஒவ்வொரு நுண்சுரப்பியையும் இரண்டு அடுக்குச் செல்கள் சூழ்ந்திருக்கும். உள்ளே சுரக்கும் செல்கள், அவற்றுக்கு வெளியே அடித்தளச் செல்கள். இங்கே வழக்கமாகக் காணும் புற்றுநோயில் இந்த வெளி அடுக்கு இருப்பதில்லை. சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த விதி, ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும்போது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. இரண்டு பெரிய, இயல்பான சுரப்பிகளுக்கு நடுவே ஐந்தாறு சிறு சுரப்பிகள் நெருக்கமாக நுழைந்திருக்கும். உட்கருக்களுக்குள் நியூக்ளியோலஸ் என்னும் சிறு புள்ளி சற்றே பெரிதாகத் தெரியும். சுரப்பியின் குழிக்குள் நீலம் படர்ந்த சளி இருக்கும். இவையெல்லாம் புற்றுநோயோ என்று ஐயப்பட வைப்பவை. அடித்தளச் செல்களின் உட்கருவைப் பழுப்பாகக் காட்டும் பி63 சாயம் போட்டால் சுற்றியுள்ள இயல்பான சுரப்பிகளின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிய, அந்தச் சிறு சுரப்பிகளில் மட்டும் ஒரு புள்ளியும் இராது. அப்போதும் அவசரப்படக் கூடாது. தீங்கற்ற சில மாற்றங்களிலும் அடித்தளச் செல்கள் விட்டுவிட்டே காணப்படும் என்பதால், ஓரிரு சுரப்பிகளில் சாயம் ஏறாததை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று எழுதிவிட முடியாது. இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கும்போது அந்தச் சுரப்பிகளே காணாமல் போவதும் உண்டு. அத்தகைய நேரத்தில் 'ஐயத்துக்குரியது, முடிவு சொல்லப் போதாது' என்று எழுதுவதைத் தயக்கம் என்று நான் கருதவில்லை. திசு காட்டியதை மட்டும் சொல்வதே நேர்மை என்று நம்புகிறேன்.

புற்றுநோய் உறுதியான பின்னர், அது எத்தகையது என்பதைச் சொல்வதில்தான் என் கவனம் மிகுதியாகச் செல்கிறது. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் டொனால்ட் க்ளீசன் 1966இல் வெளியிட்ட முறை, செல்லின் தோற்றத்தை விட்டுவிட்டுச் சுரப்பிகள் அமைந்திருக்கும் விதத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டது. ஒவ்வோர் அமைப்புக்கும் ஓர் எண் உண்டு: தனித்தனியாக நிற்கும் சுரப்பிகள் 3, ஒன்றோடொன்று இணைந்தும் உருக்குலைந்தும் போனவை 4, சுரப்பி வடிவமே இல்லாமல் செல்கள் சிதறிக் கிடப்பது 5. பயாப்சியில் முதன்மையான அமைப்பின் எண்ணையும் எஞ்சியவற்றுள் மிக மோசமானதன் எண்ணையும் கூட்டி எழுதுகிறோம். இன்று நடைமுறையில் மிகக் குறைந்த மதிப்பெண் 6 (3+3) என்பதால், அறிக்கையைக் கையில் வாங்குபவர் பத்துக்கு ஆறு என்று படித்து நடுத்தர ஆபத்து என்று கலங்கிப்போகிறார். 2014இல் வல்லுநர்கள் கூடி ஒப்புக்கொண்ட ஐந்து தரத்தொகுதிகள் இந்தக் குழப்பத்தைப் பெரிதும் தீர்த்தன: 6 என்பது ஆபத்து மிகக் குறைந்த முதல் தொகுதி, 3+4 இரண்டாவது, 4+3 மூன்றாவது. கூட்டினால் இரண்டும் 7தான் என்றாலும் இரண்டின் போக்கும் வேறு.

முதல் தொகுதியில் உள்ள பலருக்கு உடனடி அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ தேவைப்படுவதில்லை. பிஎஸ்ஏ, ஸ்கேன், மறுபயாப்சி ஆகியவற்றைக் கொண்டு தொடர்ந்து கண்காணித்தாலே போதும். அறுவைச் சிகிச்சையால் சிறுநீர் அடக்க முடியாமை, ஆண்மைக் குறைவு ஆகியவை நேரக்கூடும் என்பதை எண்ணும்போது, ஓரத்தில் சாய்வாக வெட்டுப்பட்ட ஒரு 3ஐ 4 என்று படித்துவிடாமல் இருப்பதற்காக ஒரே ஸ்லைடை மறுபடியும் மறுபடியும் பார்ப்பது வீண் வேலையாகத் தெரிவதில்லை.

நோயாளியைப் பற்றிய குறிப்புகள் இல்லாமல் வரும் திசுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு மருந்தை உட்கொள்பவரின் பிஎஸ்ஏ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காட்டும். கதிர்வீச்சு பெற்ற இயல்பான சுரப்பிகள் புற்றுநோயைப் போலத் தோன்றும். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சைக்குப் பிறகு புற்றுச் சுரப்பிகள் சுருங்கிச் சிதறி, உண்மையில் உள்ளதைவிடக் கொடியவையாகத் தெரியும். சிகிச்சையின் பாதிப்பு தெளிவாகத் தெரியும் அத்தகைய திசுவுக்கு க்ளீசன் மதிப்பெண் கொடுப்பதில்லை. எனவே, கோரிக்கைப் படிவத்தில் முந்தைய சிகிச்சை பற்றிய இடம் காலியாக இருந்தால், அறிக்கையில் கையொப்பமிடுவதற்கு முன் சிறுநீரியல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுகிறேன்.