996, 997: இன்ஜின் முன்கூட்டிக் காட்டும் குறிகள்

ஜனவரி 8

இந்தக் குறிப்புகள் போர்ஷே 911-இல் இரண்டு வகைகளுக்கு மட்டும்: 1997-இல் வந்த 996, 2004-இல் வந்த 997 (2008 மாடல் வரை). இரண்டிலும் பின்னால் உட்கார்ந்திருப்பது எம்96 அல்லது எம்97, தண்ணீரால் குளிரும் ஆறு சிலிண்டர் பாக்ஸர் இன்ஜின் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருப்பது). அதே காலத்து டர்போ, ஜிடி3 வண்டிகளின் இன்ஜின் வேறு. 2009 மாடலில் வந்த இன்ஜினில் நாங்கள் கீழே சொல்லும் இடைத்தண்டே கிடையாது.

இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டும் செலவு, பழைய 996 ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டுவது சாதாரணம். டாஷ்போர்டில் விளக்கு எரிவதற்கு வெகு முன்பே ஆயிலிலும் சைலன்சர் குழாயிலும் விஷயம் தெரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

ஜனவரி 11

ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பிரித்துப் பாருங்கள்.

இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடியுங்கள். ஃபில்டர் மூடிக்குள் தேங்கி நிற்கும் ஆயிலைச் சுத்தமான வெள்ளைத் தட்டில் தனியாக ஊற்றி வையுங்கள். கனமான துகள் முதலில் அங்கேதான் இறங்கும். காகித மடிப்புகளைப் பிளேடால் வெட்டி எடுங்கள். ரம்பம் வேண்டாம், அதன் தூளே உங்களைப் பயமுறுத்தும். மடிப்பை விரித்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். பிறகு காந்தத்தைப் பாலித்தீனில் சுற்றி மேலே ஓட்டுங்கள்.

காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான இரும்புத் துகள் என்றால் பேரிங் தேய்கிறது என்று சந்தேகப்படலாம். ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியம்: பிஸ்டன் அல்லது சிலிண்டர் பக்கம் பார்க்க வேண்டும். பழுப்பு பிளாஸ்டிக் துணுக்குகள் டைமிங் செயின் தேய்ந்து ஓடும் பட்டைகளிலிருந்து வருபவை. ஓடிய வண்டியில் ஓரிரண்டு இருந்தால் பதற வேண்டாம். கறுப்பு ரப்பர் துணுக்கு மட்டும் நல்ல சகுனமல்ல. அது ஐ.எம்.எஸ். எனும் இடைத்தண்டு பேரிங்கின் சீலாக இருக்கலாம்.

திரும்ப மாட்டும்போது வடிகால் போல்ட் புது வாஷருடன் 50 நியூட்டன் மீட்டர், ஃபில்டர் மூடி புது ஓ-ரிங்குடன் 25 நியூட்டன் மீட்டர். மூடி பிளாஸ்டிக், இறுக்கினால் விரியும். கம்பெனி சொன்ன ஆயில் இடைவெளி இந்த இன்ஜினுக்கு மிக நீளம். 8,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதுவே எங்கள் கணக்கு. ஆயில் போர்ஷே ஏ40 அனுமதி பெற்றதாக இருக்கட்டும்.

ஜனவரி 12

ஐ.எம்.எஸ். என்பது பிஸ்டன்கள் சுற்றும் கிராங்குக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளுக்கும் நடுவே ஓடும் இடைத்தண்டு. கிராங்க் அதைச் செயினால் சுற்றுகிறது, அது கேம் செயின்களைச் சுற்றுகிறது. ஃப்ளைவீல் பக்க முனையைத் தாங்குவது சீல் வைத்த பால் பேரிங். நாளடைவில் சீல் பழுதாகி, உள்ளிருந்த கிரீஸ் கழுவிப் போய், அந்த இடத்தில் கெட்ட ஆயில் தங்கும். பேரிங் உடைந்தால் டைமிங் தவறி வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். அதற்கு மேல் காப்பாற்ற ஒன்றுமில்லை.

தொடக்க கால இரட்டை வரிசை பேரிங் ஓரளவு நம்பகமானது. சுமார் 2000 முதல் 2005 வரை வந்த ஒற்றை வரிசைதான் அதிகம் உடைந்தது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்கு வழக்கு நடந்து 2013-இல் சமரசமும் ஆனது. பிறகு வந்த பெரிய பேரிங் பலமானது, ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் வெளியே வராது. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது ஐ.எம்.எஸ். மூடியின் நடு நட்டைப் பாருங்கள்: 13 மில்லிமீட்டர் என்றால் மாற்றக்கூடியது, 22 என்றால் பெரியது.

சத்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். சத்தம் கேட்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். கிளட்ச் மாற்றும் சமயத்திலேயே பேரிங்கையும் மாற்றிவிடுவது சிக்கனம், அங்கே போகும் கூலி ஒன்றுதான்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிந்தால் அது கிராங்க் சீலாகவும் இருக்கலாம், ஐ.எம்.எஸ். மூடியாகவும் இருக்கலாம். ஈரம் மட்டும் என்றால் அடுத்த கிளட்ச் வரை பொறுக்கலாம். தரையில் சொட்டு விழுந்தால் பொறுக்க வேண்டாம்.

ஜனவரி 19

911 வாங்குகிறவர்கள் எல்லோரும் ஐ.எம்.எஸ். பற்றியே கேட்கிறார்கள். 997 வாங்குகிறவர் அதைவிட அதிகம் பயப்பட வேண்டியது சிலிண்டர் கீறலுக்கு, 3.8 லிட்டர் வண்டியில் இன்னும் கூடுதலாக. பேரிங்கை முன்கூட்டி மாற்றலாம். கீறிய சிலிண்டரை மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

சிலிண்டர் சுவர் லோகாசில் என்ற சிலிக்கான் கலந்த அலுமினியம். பிஸ்டன் பக்கவாட்டில் ஒரு மெல்லிய பூச்சு. பூச்சு உரிந்தால் அலுமினியம் அலுமினியத்தில் உரசிக் கோடு விழும். வலப்பக்க வரிசையில், அதாவது 4, 5, 6 ஆம் சிலிண்டர்களில், அதிலும் 6-இல்தான் பெரும்பாலும் தொடங்கும். குளிர்ந்த இன்ஜினை உடனே விரட்டுவதும், குளிரில் நெடுநேரம் ஐடிலில் விட்டுப் பெட்ரோல் சுவரைக் கழுவ விடுவதும் நிலைமையை மோசமாக்கும்.

குறிகள் வரும் வரிசை கிட்டத்தட்ட இப்படி. ஒரு பக்கச் சைலன்சர் குழாயில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி. இரண்டிலும் சமமாக இருந்தால் கவலை குறைவு. அடுத்து ஆயில் குறையத் தொடங்கும். கம்பெனி கையேடு 1,000 கிலோமீட்டருக்கு 1.5 லிட்டர் வரை அனுமதிக்கிறது. அவ்வளவு குடிக்கும் இன்ஜினை நாங்கள் ஆரோக்கியமானது என்று சொல்ல மாட்டோம். 997-இல் டிப்ஸ்டிக் இல்லை, சமதளத்தில் நிறுத்தி மீட்டரில் பார்க்க வேண்டும். ஒரு கட்டம் ஏறத்தாழ 0.4 லிட்டர். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் இறங்குகிறது என்று எழுதி வையுங்கள், நினைவை நம்பாதீர்கள்.

கடைசியில் சத்தம். சூடான பிறகும் ஐடிலில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மந்தமான டொக் டொக். வால்வு லிஃப்டர் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் மெல்லியது, நிறுத்தி வைத்த வண்டியில் காலையில் வந்து சூடேற மறையும். வண்டியைத் தூக்கிக் கீழிருந்து ஸ்டெதஸ்கோப்பால் இரு பக்கமும் ஒப்பிட்டுக் கேட்டால் வேறுபாடு புரியும்.

ஜனவரி 20

சிலிண்டர் கீறலை உறுதி செய்ய கேமரா வேண்டும். பிளக் துளை வழியாகப் பார்த்து "சுத்தம்" என்று எழுதித் தருகிறார்கள். அங்கிருந்து தெரிவது சுவரின் மேல் பகுதிதான். கீறல் நடுவிலும் கீழேயும் தொடங்கும். ஆயில் தட்டைக் கழற்றி, பார்க்க வேண்டிய பிஸ்டனை மேலே நிறுத்தி, கீழிருந்து கேமராவைச் செலுத்த வேண்டும். ஒரே சீரான சாம்பல் நிறம் நல்லது. செங்குத்தான கறுப்புப் பட்டை என்றால் பேரம் பேச வேண்டாம், விலகிவிடுங்கள். பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையில் அடுக்குங்கள்: 6 மட்டும் கறுத்திருந்தால் அதுவும் சாட்சி.

ஜனவரி 27

புகை. படுத்த சிலிண்டர்கள் என்பதால் சரிவில் நிறுத்திய வண்டி ஸ்டார்ட்டில் கொஞ்சம் நீலப் புகை விடுவது இயல்பு. தெருவையே மறைக்கும் வெள்ளைப் புகை என்றால் ஆயில்-காற்றுப் பிரிப்பானின் உதரவிதானம் கிழிந்திருக்கும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்: கையை எதிர்த்து இழுத்துக்கொண்டு திறக்க மறுத்தால் உள்ளே உறிஞ்சல் அதிகம். மானோமீட்டரில் (அழுத்தம் அளக்கும் கருவி) சுமார் 5 அங்குல நீர் அளவு உறிஞ்சல் சரி. தள்ளிப் போட்டால் ஆயில் சிலிண்டருக்குள் தேங்கி இணைப்புத் தண்டையே வளைத்துவிடலாம். பாகத்தின் விலை அந்தச் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 3

ஓட்டி நிறுத்தியதும் பின்னால் இனிப்பு வாடை வந்தால் கூலன்ட். முதல் சந்தேகம் பிளாஸ்டிக் தொட்டி. தையல் ஓரத்தில் வெடிக்கும், காய்ந்த தடம் தெரியும். அடுத்தது வாட்டர் பம்ப். புல்லியைக் கையால் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. உள்ளே தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் இம்பெல்லர் உடைந்தால் துண்டுகள் தண்ணீர் வழியில் மாட்டிக்கொண்டு ஒரு சிலிண்டரை மட்டும் சூடாக்கும், மீட்டர் முள் அதைக் காட்டாது. 80,000 கிலோமீட்டருக்கு மேல் பம்ப்பைச் சோதிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

முன் பம்பரில் இரு பக்கத் துவாரங்களிலும் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்ஸருக்கும் நடுவே சருகு அடைந்து ஈரத்தில் அரிக்கும். வருடம் ஒரு முறை பம்பரைக் கழற்றி எடுத்துவிட்டால் போதும்.

பிப்ரவரி 4

மழை நாளில் மட்டும் இன்ஜின் திணறினால் இக்னிஷன் காயில் விரிந்திருக்கிறது. ஆறையும் மாற்றுங்கள். காய்ந்த நாளிலும் ஸ்கேனரில் பி0306 (6 ஆம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற கோடு) மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், ஜனவரி 19 ஆம் தேதிக் குறிப்பைப் படியுங்கள்.

பிப்ரவரி 10

வாங்கும் முன் ஸ்கேனரில் ஓவர்-ரெவ் பதிவைக் (இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றிய கணக்கு) கேளுங்கள். 997-இல் ஆறு நிலைகள்; 1 முதல் 3 வரை ஓட்டுநரின் உற்சாகம். 4, 5, 6 என்றால் மேல் கியருக்குப் பதில் கீழ் கியர் விழுந்து, ரெவ் லிமிட்டர் தடுக்க முடியாமல் சக்கரமே இன்ஜினைச் சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் இன்ஜின் மணி நேரம் இருக்கும். மொத்த ஓட்ட நேரத்திலிருந்து அதைக் கழித்து, அது நடந்து எத்தனை மணி நேரம் ஆனது என்று பாருங்கள்: பல நூறு மணி ஓடிய பிறகும் சத்தமில்லை என்றால் வால்வு தப்பியது என்று வைத்துக்கொள்ளலாம். சென்ற மாதம் நடந்தது என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் லீக்-டவுன் சோதனை (காற்றை ஏற்றிக் கசிவு பார்ப்பது) செய்யாமல் பணம் தர வேண்டாம்.