தடித்த பாதம்

கடை போர்டு டிசைன் கேட்டு வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், பேரு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே தெரியணும்." ராயப்பேட்டை நெரிசலில் அது நியாயமான ஆசை. அப்போது ஆங்கில எழுத்துக்கு என் கை முதலில் போவது போல்டு ஸ்லாப் செரிஃப் ஃபாண்டுக்குத்தான்.

எழுத்தின் முனையில் வரும் சின்னப் பாதம்தான் செரிஃப். டைம்ஸ் ரோமனில் அது மெல்லிசாக, கூராக முடியும். ஸ்லாபில் செங்கல் வைத்த மாதிரி சதுரமாக, கனமாக நிற்கும். 1810களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸின் அச்சு மாதிரிகளில் வந்தபோதே அதன் வேலை சத்தம் போடுவதுதான். சுவரொட்டிகள் தெருவை நிறைக்கத் தொடங்கிய காலம் அது. 1845இல் வந்த கிளாரண்டன் என்ற ஸ்லாப் ஃபாண்டில் பாதம் எழுத்தின் தண்டோடு வளைந்து சேரும். 1934இன் ராக்வெல் என்ற ஸ்லாபில் அந்த வளைவே கிடையாது, எல்லாம் நேர்கோடு, வட்டம். காபித்தூள் பை என்றால் கிளாரண்டன், ஜிம், டைல்ஸ் கடை என்றால் ராக்வெல். இது என் கணக்கு. சண்டைக்கு வரும் நண்பர்கள் உண்டு.

எல்இடி எழுத்து செய்பவர்களுக்கும் ஸ்லாப் பிடிக்கும். மெல்லிய செரிஃபுக்குள் விளக்கு உட்காராது, ராத்திரியில் எழுத்தின் நுனி இருண்டுவிடும். ஸ்லாபின் பாதத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: எழுத்துகளை ரொம்ப நெருக்கினால் பாதங்கள் ஒட்டிக்கொண்டு, அடியில் பட்டையாக ஒரு கோடு ஓடும்.

தமிழோடு சேர்க்கும்போதுதான் உண்மையான வேலை. "தமிழுக்கும் அதே மாதிரி கால் வைங்க" என்பார்கள். ப, ட இரண்டுக்கும் அடியில் ஏற்கெனவே படுக்கைக்கோடு இருக்கிறது, சமாளித்துவிடலாம். ற-வின் வாலுக்கு எங்கே கால் வைப்பது? கனத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ண, ஐ, ஞ எல்லாம் சுழி அடைத்துக் கறுப்புக் கட்டியாகிவிடும். அதனால் பாதத்தை விட்டுவிட்டு, கோட்டின் தடிமனை மட்டும் சமன் செய்வேன்.

இதற்கு அரசு விதியே கைகொடுக்கிறது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். தமிழ் பெரிதாகும்போது அதன் கோடும் தடிமனாகும். ஆகவே முக்தா மலர் மாதிரி பல கனங்களில் கிடைக்கும் ஃபாண்டில் ஒரு படி மெலிந்ததை எடுத்தாலே போதும். பக்கத்திலுள்ள தடித்த ஸ்லாபுக்கு ஈடாக நிற்கும், சுழிகளும் திறந்திருக்கும். "இங்கிலீஷ இன்னும் கொஞ்சம் பெருசா" என்று கேட்பவரிடம் விதியைச் சொன்னால் முகம் சுளிப்பார். விதிப்படி ஒன்று, அவர் கேட்டபடி ஒன்று என இரண்டு பிரிண்ட்டையும் எதிர்ச்சுவரில் ஒட்டி, "எது தெரியுது, நீங்களே பாருங்க அண்ணாச்சி" என்றால் அப்புறம் பேச்சு வளராது.

விசிட்டிங் கார்டில் முகவரியையும் இதே ஃபாண்டில் கேட்பார்கள். அதற்கு மட்டும் நான் மசிவதில்லை. பெயரும் போன் நம்பரும் ஸ்லாபில் போகட்டும், மற்றதெல்லாம் சாதா எழுத்தில்தான்.