ஒப்போசம் புழு ப்ராக்டிகல்: முதலில் லேபிளைப் படியுங்கள்

ஒட்டுண்ணிப் புழுக்களை அடையாளம் காணும் ப்ராக்டிகல் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது, நான் பாஸ். அடுத்த பேட்ச் கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கும் முன், புழு எந்த உறுப்பிலிருந்து எடுத்தது என்று லேபிளில் பாருங்கள். வர்ஜீனியா ஒப்போசத்தை (பூனை அளவுள்ள அமெரிக்கப் பைப்பாலூட்டி) பொறுத்தவரை பாதி விடை அதிலேயே இருக்கிறது. பக்கத்து மேசையில் பெரிய படிப்பாளி ஒருவர் மணி அடிக்கும்வரை புழுவின் தலையையே முறைத்துக்கொண்டிருந்தார், லேபிள் பக்கம் திரும்பவேயில்லை.

இரைப்பைச் சுவரைத் தடித்த புழுக்கள் கும்பலாகப் பற்றியிருந்தால் பைசலாப்டெரா டர்ஜிடா. அஸ்காரிட் (குடலில் வாழும் உருண்டைப்புழு வகை) என்று எழுதக் கை துடிக்கும், எழுதாதீர்கள். அஸ்காரிடுக்கு மூன்று உதடு. இதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பெரிய உதடு, அதன் பின்னால் மேல்தோல் சட்டைக் காலர் மாதிரி மடிந்து நிற்கும். ஆண் புழு கிடைத்தால் நேராக வாலுக்குப் போங்கள்: இறக்கை போல அகன்ற தோல் மடிப்பு, அதைத் தாங்கும் காம்புள்ள பாப்பில்லாக்கள் (சிறு முகிழ்கள்). எனக்கு எப்போதும் வால்தான் பிடிக்கும்.

மற்றவை சுருக்கமாக:

- சீக்கம் (பெருங்குடல் தொடங்கும் இடத்துப் பை): க்ரூசியா அமெரிக்கானா. புழுவின் தொண்டையில் பல் வரிசை, அதன் குடலிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு பை.
- சிறுகுடலில் தட்டைப்புழு, வாய்க்கு இருபுறமும் முள் நிறைந்த தும்பிக்கை: ரோபாலியாஸ். யோசிக்கவே வேண்டாம்.
- நுரையீரல்: டிடெல்ஃபோஸ்ட்ராங்கைலஸ் ஹேயஸி. நத்தை வழியாக வருவது. மலத்தில் லார்வாவைத் தேட பேர்மன் முறை (மலத்தைத் தண்ணீரில் வைத்து, நகர்ந்து கீழே இறங்கும் லார்வாவைப் பிடிப்பது). ஃப்ளோட்டேஷன் (கரைசலில் மிதக்கவிட்டுத் தேடுவது) என்று எழுதினால் போச்சு, அடர்ந்த உப்புக் கரைசலில் லார்வா சுருங்கி உருத் தெரியாமல் போகும்.

வைவாவில் கேட்டது: மலத்தில் தெரியும் முட்டையெல்லாம் ஒப்போசத்தின் புழு போட்டதுதானா? இல்லை. எலி, பூச்சி, செத்த விலங்கு என்று கிடைத்ததைத் தின்னும் பிராணி அது. இரையில் இருந்த முட்டைகளும் அப்படியே வெளியே வரும்.

அப்புறம் அந்த முள்தலைப்புழு ஸ்லைடு. புழுவைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு, முள்தலை வெளியே நீண்ட பிறகுதான் ஆல்கஹாலில் போட வேண்டும். தயாரித்தவருக்கு என்ன அவசரமோ, தலை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. அதில் கொக்கி வரிசையை விவரிக்கச் சொல்லிக் கேள்வி! எரிச்சலாக இருந்தது. உங்களுக்கும் அதே ஸ்லைடு வரலாம். வந்தால், உடலுக்குள் குடலே இல்லை, நாடாப்புழு போலக் கண்டங்களும் இல்லை என்பதை எழுதி, அகாந்தோசெஃபலா என்று பிரிவைக் குறித்துவிட்டு அடுத்த மேசைக்கு நகருங்கள். எனக்கு அதற்குப் பாதி மார்க் கிடைத்தது.