மோசெல் கரையில் சைக்கிளும் நடையும்: இதுவரை முடிந்தவை

ஜெர்மனியில் கோப்ளென்ஸிலிருந்து ட்ரியர் வரை மோசெல் ஆற்றங்கரைப் பாதை ஒருவழியாக முடிந்துவிட்டது. ஒரே மூச்சில் அல்ல. ரயிலில் போய் இறங்கி, முடிந்தவரை மிதித்து, அகப்பட்ட நிலையத்தில் ரயிலேறித் திரும்புவது என்று துண்டு துண்டாகத்தான் முடித்தேன். பிரான்ஸ் எல்லையருகே உள்ள பெர்ல் என்ற ஊரில் தொடங்கி, மோசெல் ரைனோடு கலக்கும் கோப்ளென்ஸில் முடிகிற இந்தப் பாதை சுமார் 240 கிலோமீட்டர். பெர்ல் முதல் ட்ரியர் வரையிலான துண்டு மட்டும் பாக்கி. இடையிடையே ஓடைப் பள்ளத்தாக்குகளில் நடந்த நாள்களும் சேர்ந்துகொண்டன. உண்மையைச் சொன்னால், அந்த நாள்களுக்காகவே இந்தக் குறிப்பை எழுதுகிறேன். ஆற்றோடு ஆறாக ஓட்டிக்கொண்டே போனால் மோசெல் அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஆற்றை விட்டு விலகிப் பக்கத்து ஓடை ஒன்றில் நுழைந்தால்தான் ஊர் பேசத் தொடங்குகிறது.

முதலில் ரயிலைப் பற்றி. இந்த ஊர்கள் உள்ள ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகும் வார இறுதிகளில் நாள் முழுவதும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. இதை நம்பி செப்டம்பர், அக்டோபர் ஞாயிறுகளில் போய்விடாதீர்கள். திராட்சை அறுவடைக் காலத்தில் சைக்கிள் பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. இன்னொன்று, ரயில் பாதை ஆற்றை ஒட்டி வருவது கோப்ளென்ஸிலிருந்து புண்டரிஷ் வரைதான். அங்கே மலைச்சரிவை ஒட்டி 92 வில்வளைவுத் திறப்புகளோடு 786 மீட்டர் நீளும் பாலத்தைக் கடந்ததும், ரயில் ஆற்றைக் கைவிட்டு விட்லிக் வழியாக ட்ரியருக்குப் போய்விடுகிறது. ட்ராபன்-ட்ரார்பாக் ஊருக்கு ஒரு கிளைப்பாதை உண்டு. அதற்கு மேல், ட்ரியரை நெருங்கும் வரை, களைத்துப் போனால் பஸ்தான் கதி.

கோப்ளென்ஸ் முதல் கோஹெம் வரையிலான கீழ்ப்பகுதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பாதை சமதளம், கியர் மாற்றவே தேவையில்லை. ஆனால் பல இடங்களில் நெடுஞ்சாலை தோளோடு தோள் உரசிக்கொண்டு வருகிறது. ஆறும் ஓடுவதாகத் தெரியாது. 1956 ஒப்பந்தத்தின்படி ஜெர்மனியும் பிரான்ஸும் லக்சம்பர்க்கும் சேர்ந்து மோசெலைச் சரக்குக் கப்பல்களுக்கு ஏற்றதாக மாற்றின. 1964 இல் அது திறக்கப்பட்டது. அதிலிருந்து தடுப்பணைகளுக்கு இடையே நீர் தேங்கித்தான் நிற்கிறது. ஆகவே ஆற்றோட்டத்தோடு போகிறோமா எதிர்த்துப் போகிறோமா என்பது மிதிப்பவருக்கு ஒரு பொருட்டே அல்ல. காற்றுதான் எல்லாம். அது பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. ஆனால் ஆறு இப்படிச் சுற்றிச் சுற்றி வளைவதால் எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒரு மணி நேரத்துக்குள் முகத்தில் அடிக்கத்தான் போகிறது.

இந்தத் துண்டில் நின்று பார்க்க வேண்டியது ஆல்கன் ஊருக்கு மேலே உள்ள துராண்ட் கோட்டை. ஒரே கோட்டைக்கு இரண்டு பெரிய கோபுரங்கள். 1246 முதல் 1248 வரை முற்றுகையிட்டு அதைப் பிடித்தவர்கள் ட்ரியர், கோலோன் நகரங்களின் பேராயர்கள். பிடித்த பிறகு ஒருவரை ஒருவர் நம்பவில்லை போலும். நடுவே சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள்.

எல்ட்ஸ் கோட்டைக்கு மோசெல்கெர்ன் நிலையத்தில் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு நடந்துதான் போக வேண்டும். மேலே வாகன நிறுத்தமும் அங்கிருந்து சிறு பஸ்ஸும் உண்டு. அந்த வழியாக வருபவர்களுக்கு இந்தக் கோட்டையில் பாதிதான் கிடைக்கிறது என்பேன். நிலையத்திலிருந்து எல்ட்ஸ்பாக் ஓடையை ஒட்டி ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பழைய ஆலை ஒன்றைத் தாண்டியதும் தார்ச்சாலை நின்றுபோய்க் காட்டுப் பாதை தொடங்குகிறது. ஓடை வளைந்து வளைந்து வர, எங்கே கோட்டை என்ற நினைப்பே மறந்திருக்கும் வேளையில், மரங்களுக்கு மேலே கூரைகளும் மாடங்களும் ஒரு கொத்தாகக் கிளம்பி நிற்கின்றன. ஓடை மூன்று பக்கமும் சுற்றிவர, 70 மீட்டர் உயரப் பாறைமேல் கட்டப்பட்டது. சமவெளியில் இருப்பவர் கண்ணுக்கு இது படவே படாது.

உள்ளே வழிகாட்டியோடுதான் அனுமதி. படம் எடுக்கக் கூடாது. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. எல்ட்ஸ் குடும்பத்தின் பெயர் 1157 ஆம் ஆண்டு ஆவணத்தில் வருகிறது. இன்றும் கோட்டை அதே குடும்பத்தின் கையில். 1268க்கு முன்பே சகோதரர்கள் மூவர் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நம் ஊரில் கூட்டுக் குடும்பம் பிரிந்தால் முற்றத்தை நடுவில் வைத்து ஆளுக்கொரு கட்டு எடுத்துக்கொள்வதில்லையா, அதேதான். ரூபெனாக், ரோடென்டார்ஃப், கெம்பெனிஷ் என மூன்று கிளைகளும் ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி வீடுகளை மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். கோட்டை இப்படி நெருக்கியடித்து உயர்ந்ததற்கு அதுதான் காரணம்.

சுற்றிலும் உள்ள கோட்டைகள் இடிந்து கிடக்க, இது மட்டும் எப்படி முழுதாக நிற்கிறது? 1689 என்ற ஆண்டை மோசெலில் எங்கு போனாலும் கேட்கலாம். பதினான்காம் லூயியின் படைகள் கோட்டை கோட்டையாகத் தகர்த்துக்கொண்டு வந்த ஆண்டு அது. அப்போது எல்ட்ஸ் குடும்பத்தவர் ஒருவர் பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரியாக இருந்து, அழிவுப் பட்டியலிலிருந்து தன் வீட்டை எடுக்கவைத்தார் என்று சொல்கிறார்கள். வீரத்தைவிட வேண்டியவர் இருப்பது மேல் என்று ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே ஜெர்மனில் சொன்னார். மொத்தக் குழுவும் சிரித்தது.

கோஹெம் கோட்டைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1689 இல் தகர்க்கப்பட்டு இடிபாடாகக் கிடந்ததை, 1868 இல் பெர்லின் வணிகர் லூயி ராவெனே விலைக்கு வாங்கிக் கட்டி எழுப்பினார். 1877 இல் வேலை முடிந்தது. இப்போது நாம் பார்ப்பது இடைக்காலத்தைவிட இடைக்காலம்போல் இருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பார்த்தால் போதும். ஊருக்குள் கூட்டமோ கூட்டம்.

கோஹெமுக்கு அடுத்த வளைவுதான் மொத்தப் பாதையிலும் எனக்குப் பிடித்த துண்டு. ரயில் இங்கே 4,205 மீட்டர் நீளச் சுரங்கத்தில் நுழைந்து சில நிமிடங்களில் எடிகர்-எல்லரில் வெளிவந்துவிடும். 1879 இல் திறந்த அந்தச் சுரங்கம் நூறாண்டுகளுக்கு மேல் ஜெர்மனியின் மிக நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது. ஆற்றின் வழி போனால் இருபது கிலோமீட்டருக்கு மேல். ரயில் இல்லாததால் ஊர்கள் அமைதியாக இருக்கின்றன. பைல்ஷ்டைனுக்குப் படகில் அக்கரை போனேன். சந்து, படிக்கட்டு, மேலே 1689 இல் இடிந்த மெட்டர்னிக் கோட்டை. ஆனால் அதே வளைவில் உள்ள ப்ரூட்டிக்கில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள். ரயிலுக்காகத் தோண்டிப் பயன்படாமல் கிடந்த சுரங்கம் ஒன்றை நிலத்தடித் தொழிற்சாலையாக்க, 1944 இல் நாஜிகள் தங்கள் நாட்ஸ்வைலர் வதைமுகாமின் கைதிகளை இங்கே கொண்டுவந்து சாகும்வரை வேலை வாங்கினார்கள். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே அதற்கான அடையாளம் எளிதில் கண்ணில் படாது.

எல்லரிலிருந்து ப்ரெம் வரை கால்மோண்ட் சரிவு. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்பது இதுதான். 65 டிகிரி வரை சாய்வு. அதன் குறுக்கே இரும்பு ஏணிகளும் கம்பிக் கயிறுகளும் வைத்த நடைபாதை போகிறது. மழை பெய்த மறுநாள் வேண்டாம். ஸ்லேட் கற்கள் சறுக்கும். வெயிலில் அந்தக் கற்கள் சூட்டைச் சேர்த்து வைத்து இரவில் கொடிகளுக்குக் கொடுக்குமாம்; நடுப்பகலில் நடந்தால் நமக்கும் கொடுக்கும்.

மலையிடுக்கு என்று பார்த்தால் ஏர்பாக் க்ளாம். ப்ரோடன்பாக் ஊரில் ஆற்றை விட்டு ஹுன்ஸ்ரூக் மலைப் பக்கம் திரும்ப வேண்டும். வழியில் ஏரன்புர்க் கோட்டை; பீரங்கிகளை மேலே இழுத்துச் செல்ல உள்ளேயே வளைந்தேறும் சாய்தளம் கொண்ட கோபுரம் அங்கே உண்டு. அதையும் 1689 விட்டுவைக்கவில்லை. எக்முயூலே என்ற பழைய ஆலையைத் தாண்டியதும் பாறைகள் இரு பக்கமும் நெருங்கிவிடுகின்றன. பலகைப் பாலங்கள், பாறையில் அடித்த கம்பிக் கயிறு, காலடியில் ஓடை, பாசி, பன்னச் செடிகள். ஆகஸ்டில்கூடக் குளிர்ந்திருந்தது. நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம். பாறை சரிந்தாலோ மரம் விழுந்தாலோ பாதையை மூடிவிடுவார்கள், ஆகவே கிளம்புமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். இதையும் ஆற்றங்கரைச் சவாரியையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். இடுக்கில் கால்கள் தளர்ந்த பிறகு, எவ்வளவு சமதளமானாலும் சைக்கிள் கனக்கும்.

சைக்கிளுக்கென்றே ஒரு நாள் வேண்டுமானால் ஆற்றங்கரையைவிட மாரெ-மோசெல் பாதையைச் சொல்வேன். ஐஃபெல் மலையில் உள்ள டவுன் ஊரிலிருந்து பெர்ன்காஸ்டெல்-கூஸ் வரை சுமார் 58 கிலோமீட்டர், பெரும்பகுதி கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேலேயே. சைக்கிள்களை ஏற்றிச் செல்லும் வண்டி இணைத்த பஸ் மேலே கொண்டுவிடும். இடம் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. தொடக்கத்தில் கொஞ்சம் ஏற்றம், பிறகு எரிமலை வெடித்த பள்ளங்களில் தேங்கிய ஏரிகள், விளக்கெரியும் சுரங்கங்கள், உயர்ந்த பாலங்கள். ரயிலுக்காக வெட்டிய தடம் என்பதால் இறக்கம் ஒருபோதும் மிரட்டாது. குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் எங்களை முந்திக்கொண்டு போயின.

கூஸில் முடித்தால், 1458 இல் தத்துவ அறிஞரான கார்டினல் நிக்கோலஸ் குஸானுஸ் ஏற்படுத்திய முதியோர் இல்லத்தைப் பார்க்காமல் வரக்கூடாது. இன்றும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. அவருடைய நூலகமும் அங்கேயே இருக்கிறது. அங்கிருந்து ட்ரியர் வரை திராட்சை, திராட்சை, திராட்சை. சுருக்கமாகவே கடந்தேன்.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. வாசலில் துடைப்பமோ பூங்கொத்தோ தொங்கினால், அந்த வீட்டார் தங்கள் சொந்த ஒயினையும் எளிய உணவையும் விற்கிறார்கள் என்று பொருள். இலையுதிர் காலத்தில் வெங்காய அடை கிடைக்கும். சைவம்போல் தோற்றமளித்தாலும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் கலந்திருப்பது வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்த ஏப்ரலில் பெர்லிலிருந்து கிளம்பி ட்ரியர் வரை அந்த மிச்சத்தை முடிக்க எண்ணம். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால், பேபாக் ஓடையின் இடுக்கு வழியாக வால்டெக் கோட்டை இடிபாடு வரை நடை. அதற்குச் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுவேன்.